கடல்காற்று மலையேறிய நாள்

நெல்லிவாசல்நாடு
9 மே 2025

ஆனந்தா,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உன் நம்பரை என் போனில் அடைத்துவிட்டேன். கூடப்பிறந்தவன் என்று பார்க்கிறேன், ஆனாலும் உன் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை. அதனால்தான் தபால். இது அங்கன்வாடிப் பிள்ளைகள் படம் வரையும் தாள். கோடு கிடையாது, எழுத்து மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள்.

மழை பெய்து ஆறு நாள் ஆகிறது. ஊர்ப் புளி மொத்தமும் இன்னும் காயப்போட்ட பாறையில்தான் கிடக்கிறது. அள்ளி எங்கே கொட்டுவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. முதலில் புளித்த கள் வாடை அடித்தது. பிறகு நுரை கட்டியது. இப்போது கறுத்துக் கூழாகிவிட்டது, குச்சியை விட்டுக் கிளறினால் வெள்ளைப் புழு நெளிகிறது. சோற்றில் கை வைத்தால் கையோடு ஈயும் வாய்க்கு வருகிறது. அங்கன்வாடியில் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. வாணியம்பாடியிலிருந்து ஹனீஃபா பாய் எப்போதும்போல் புளி எடுக்க வந்தார். ஒரு பிடி எடுத்து முகர்ந்தார், மெதுவாகக் கீழே வைத்தார், கை கழுவத் தண்ணீர் கேட்டார். பேரமே பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உன்னிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். மூன்று வருடமாக நடக்கிற ஏற்பாடு இது. கண்ணமங்கலத்தில் உன் செல்போன் கடை வாசலில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வீசியதும் நீ என்னைக் கூப்பிடுவாய். நான் அங்கன்வாடி வாசலில் சிக்னல் பிடித்து எடுப்பேன். ஊரைக் கூட்டி எல்லாரும் ஒன்றாகத் தார்ப்பாய் போடுவோம். அன்றைக்கு மதியத்திலிருந்தே எனக்கு மனசு சரியில்லை, புழுக்கம் அப்படி இருந்தது. என்னுடையதை மட்டுமாவது மூடலாமா என்று நினைத்தேன். நம் பாறையின் கட்டுப்பாடு உனக்குத் தெரியும். சரிவான பாறை. ஒருத்தர் மட்டும் மூடினால் அவர் தார்ப்பாயில் வழிகிற தண்ணீர் கீழே காயப்போட்டவர் புளிக்குப் போகும். மூடினால் எல்லாரும் மூட வேண்டும், இல்லாவிட்டால் யாரும் மூடக் கூடாது. அதனால் உன் போனுக்காகக் காத்திருந்தேன். நீ ஏன் கூப்பிடவில்லை?

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மழை விட்டதும் நீ பைக்கில் வந்து நின்றாயே, உதவிக்கு வந்தாய் என்று நினைத்தேன். போனைத் தூக்கிப் பிடித்திருந்தாய், நனைந்ததைத் துடைக்கிறாய் என்று நினைத்தேன். நேற்று ஜீப் ஓட்டும் தனசேகரன் தன் போனில் ஒரு வீடியோவின் அட்டைப் படத்தைக் காட்டினான். உன் வானிலைச் சேனலாம். பச்சையம்மா அண்ணி வாயைத் திறந்து அழுகிறாள், பக்கத்தில் பெரிதாக ஒரு சிவப்பு அம்பு அவள் வாயையே காட்டுகிறது. மேலே 'மலையே கதறிய மழை' என்று மஞ்சள் எழுத்து. அந்தப் பக்கமே பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நம் அண்ணன் மாதையன் வருடம் முழுக்கக் குடகில் காப்பித் தோட்டத்தில் கிடக்கிறான். அண்ணி ஒற்றை ஆளாக மரம் உலுக்கி, ஓடு உடைத்து, நார் உரித்துக் காயவைத்த புளி அது. மகள் செவ்வந்தியைக் காலேஜில் தொடர்ந்து படிக்கவைக்க அவளிடம் இருந்ததும் அது ஒன்றுதான். அது போய்விட்டது. முகமாவது மிஞ்சட்டும். அந்த வீடியோவை எடுத்துவிடு.

தேவயானி


கண்ணமங்கலம்
15 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடையில் ஆள் இருக்கும்போது உன் கடிதத்தைப் பிரித்துவிட்டேன். ரீசார்ஜ் செய்ய வந்தவன் என் முகத்தைப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்கும்படி ஆகிவிட்டது. அப்படி என்ன கொலை செய்துவிட்டேன்?

அன்றைக்குப் போன் போட்டேன். போகவில்லை. உங்கள் ஊர் சிக்னலின் லட்சணம் உனக்கே தெரியும். அதனால்தான் நானே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு நான் பொறுப்பா?

இந்த மழை எப்படி வருகிறது என்று உனக்கு எத்தனையோ முறை சொல்ல வந்திருக்கிறேன். நீ பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். கடிதம் என்பதால் இப்போது எழுந்து போக முடியாது, கேள். பகலில் நிலம் கொதிக்கிறது. கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அதனால் வெயில் ஏற ஏற, கடல்மேல் இருக்கிற குளிர்ந்த ஈரக்காற்று கரையேறி உள்ளே வருகிறது. காஞ்சிபுரம், ஆரணி தாண்டி சாயங்காலம் கண்ணமங்கலத்துக்கு வந்து சேரும். அதன் முன்விளிம்பைத்தான் நாங்கள் முகப்பு என்கிறோம். அதே நேரத்தில் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து காய்ந்த சூடான காற்று வாணியம்பாடி, திருப்பத்தூர் வழியாக வருகிறது. இரண்டும் நம் மலைமேல் முட்டிக்கொள்கின்றன. நிறைந்த ஷேர் ஜீப்பில் ஒரு கனத்த ஆள் கீழே நெருக்கி உட்கார்ந்தால் லேசான ஆள் கேரியருக்கு ஏறுவானே, அதே கதைதான். கடல்காற்று கனம், கீழே நுழையும். சூடான காற்று மேலே ஏறும். மலைச்சரிவும் சேர்ந்து மேலே தள்ளும். ஏறிய காற்று குளிர்ந்து மேகமாகி, கொஞ்ச நேரத்தில் இடியும் மழையுமாகக் கொட்டும். மழைக்கு முன்னால் தூசியோடு ஒரு சில்லென்ற காற்று அடிக்கும், அது அந்த மேகத்திலிருந்தே கீழே விழுகிற காற்று.

பள்ளிப் புத்தகத்தில் வரும் குளிர்முகப்பு, வெப்பமுகப்பு எல்லாம் குளிர்நாட்டுச் சமாச்சாரம். நாடு நாடாக நீண்டு, நாள்கணக்கில் நகரும். நம்முடையது அன்றாடங்காய்ச்சி. மதியம் பிறந்து ராத்திரி செத்துவிடும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று இங்கேயே நின்றுபோகும், மலையில் ஒரு சொட்டும் விழாது. நான் சொல்லியும் சில நாள் மழை வராமல் போனதற்குக் காரணம் அதுதான். அதைப் போய் உங்கள் ஊரில் யாருக்குப் புரியவைப்பது? தங்கவேல் மாமா ஊர்ப் பெரியதனக்காரர் என்கிற தோரணையில், இனிமேல் போன் செய்யாதே என்று என்னிடமே சொன்னார். நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

வீடியோவை எடுக்க மாட்டேன். அது விழிப்புணர்வு. மலைக்காரர்கள் படுகிற பாடு இப்போதுதான் வெளியே தெரிகிறது. சென்னையிலிருந்தெல்லாம் கமென்ட் போடுகிறார்கள். அண்ணி அழுதது நிஜம்தானே, நானா அழவைத்தேன்?

உன் தம்பி
ஆனந்தன்


நெல்லிவாசல்நாடு
24 மே 2025

ஆனந்தா,

போன் போகவில்லை என்கிறாய். போன் செய்யாதே என்றார்கள் என்கிறாய். இரண்டில் எந்தப் பொய்யை வைத்துக்கொள்கிறாயோ அதை மட்டும் எழுது, தபால் செலவாவது மிஞ்சும்.

இந்த வாரம் அங்கன்வாடி மீட்டிங்குக்குத் திருப்பத்தூர் போயிருந்தேன். கூட வேலை செய்யும் தமிழரசி போனில் நெட் இருந்தது. படத்தை மட்டும்தானே பார்த்தோம், முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று உன் வீடியோவைப் போடச் சொன்னேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் எனக்காக வாங்கிய போண்டா கையில் இருந்தது.

முதல் நிமிடத்தில் மழையே இல்லை ஆனந்தா. வெயில் அடிக்கிறது. நம் பாறை. புளி செக்கச்செவேலென்று காய்ந்து பரந்து கிடக்கிறது, ஒரு தார்ப்பாய்கூடப் போடவில்லை. அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறாள், கொட்டை தட்டுகிறாள். தட்டுகிற சத்தம்கூடக் கேட்கிறது. அவளுக்கு அப்பால் கிழக்கே வானம் கறுத்து எழும்பிக்கொண்டிருக்கிறது. உன் குரல் மட்டும் ரகசியமாக வருகிறது. "நண்பர்களே, இப்ப பாத்துக்கோங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த இடம் எப்பிடி ஆவப்போவுதுன்னு பாருங்க."

வழியில் மழை பிடித்துக்கொண்டதா உன்னை? ஓடை தாண்டி இருக்கிற ஒற்றைப் புளியமரத்தடியில் நின்று எடுத்திருக்கிறாய். அங்கிருந்து சாதாரணமாகப் பேசினாலே பாறைக்குக் கேட்கும். மாட்டை அதட்டுகிற மாதிரி ஒரு அதட்டல் போதும், நாங்கள் பத்துப் பேர் ஓடிவந்திருப்போம். மழைக்கு முன்னால் ஒரு படம், மழைக்குப் பின்னால் ஒரு படம் உனக்கு வேண்டும். நடுவில் அண்ணியின் ஒரு வருடம் நனைய வேண்டும்.

தமிழரசி என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளிடம் இவன் என் தம்பி என்று சொல்லக் கூசியது. போண்டாவை நாய்க்குப் போட்டுவிட்டு வந்தேன்.

உன் இரண்டு காற்றும் முட்டிக்கொள்கிற கதையை ரசித்து எழுதியிருந்தாய். அவை ஒன்றும் தெரியாத காற்றுகள். அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அண்ணியிடம் இந்த முதல் நிமிடத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உன் முகத்தில் விழிக்க மாட்டாள். உன்னை எடுத்து வளர்த்தவள் அவள். வீடியோவை எடுத்துவிடு.

தேவயானி


கண்ணமங்கலம்
31 மே 2025

அக்கா,

ஆமாம். நின்றேன்.

பொய் எழுதியது தப்புதான். ஆனால் நீ நினைக்கிற காரணம் பாதிதான். மீதியையும் படித்துவிட்டு என்னைத் திட்டு.

ஏப்ரலில் நான் கூப்பிட்ட நாள்களை நினைத்துப்பார். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் ஊரே ஓடிவந்து புளியை மூடியது. மூன்று தடவையும் மேற்குக் காற்று பலமாக இருந்து கடல்காற்றைக் கீழேயே நிறுத்திவிட்டது. கண்ணமங்கலத்தில் தூறல் விழுந்தது, உங்களுக்கு வெறும் மூட்டம். மூடிய புளி வெந்து வியர்த்துவிட்டது என்று எல்லாருக்கும் எரிச்சல். அந்த மூன்றாவது தடவைதான் தங்கவேல் மாமா உன் போனைப் பிடுங்கிப் பேசினார். "டேய் காத்துக்காரா, நீ கடயில சிம்மு வித்துக்கினு ஒயுங்கா இரு. இன்னொருவாட்டி போன் வந்துச்சு, போன தூக்கி ஓடயில போட்டுடுவேன்." பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் உன் சிரிப்பும் இருந்தது. உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு அந்தப் பெயர் கண்ணமங்கலம் வரைக்கும் வந்துவிட்டது. சந்தைக்கு வருகிற நம் ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும், இன்னா காத்துக்காரா, மழை எப்போ என்று கேட்டுவிட்டுத்தான் போனான். ராத்திரி படுத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஊர் மேலேயே ஒரு வெறுப்பு வந்துவிட்டது. நாலு வருடம் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஆரணியிலும் செய்யாற்றிலும் ஆள் வைத்துக் காற்றுத் திரும்புகிற நேரத்தைக் கேட்டு, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதை ஓசியில் கொடுத்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர்.

அந்த மே மாத நாளில் காலையிலேயே தெரிந்துவிட்டது. மேற்குக் காற்று செத்துக் கிடந்தது. ஈரம் ஏகமாக இருந்தது. இன்றைக்கு மலையில் கட்டாயம் கொட்டும் என்று தெரிந்துதான் போளூர் வழியாக ஏறி வந்தேன். காவலூர் தாண்டும்போது ஆரணி நண்பன், காற்று திரும்பிவிட்டது என்று அனுப்பினான். வந்து புளியமரத்தடியில் நின்றேன். மேகம் எழும்புவதைப் பார்த்தபோது, கிரிக்கெட்டில் நம் ஆள் கடைசி ஓவர் ஆடுகிற மாதிரி இருந்தது எனக்கு. வா, வா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். எங்கே இந்தத் தடவையும் நின்றுபோய்விடுமோ என்று பயந்தேன். உங்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு தடவை உறைக்க வேண்டும் என்று இருந்தது.

அதட்டியிருக்கலாம் என்கிறாய். அதட்டினால் யார் கேட்டிருப்பார்கள்? ஒருத்தர் மூடினால் போதாது, எல்லாரும் மூட வேண்டும். தங்கவேல் மாமா நம்ப வேண்டும். அவர் தம்பி நம்ப வேண்டும். நீ நம்ப வேண்டும். அந்த ஊரில் என் பேச்சை நம்புகிற ஆளே கிடையாது. நான் கத்தியிருந்தால் இன்னொரு சிரிப்புத்தான் கிடைத்திருக்கும், புளி அப்படியும் நனைந்துதான் இருக்கும். இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப்பார்த்துவிட்டேன்.

சேனலுக்கு இப்போதுதான் ஆள் சேர்கிறது. வீடியோ இருக்கட்டும். அண்ணியிடம் நானே வந்து பேசிக்கொள்கிறேன்.

ஆனந்தன்


நெல்லிவாசல்நாடு
9 ஜூன் 2025

ஆனந்தா,

நான் சிரித்தேன். உண்மை. அதற்காக நீ என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். அண்ணி சிரிக்கவில்லை.

செவ்வந்தி காலேஜிலிருந்து பெட்டியோடு வந்துவிட்டாள். அவள் வகுப்புக் குரூப்பில் யாரோ ஒரு பெண், நாளைக்குப் பரீட்சை என்றதும் ஒரு ஸ்டிக்கர் போட்டிருக்கிறாள். அழுகிற பொம்பளை முகம். எல்லாரும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். அது தன் அம்மா என்று செவ்வந்திக்கு உடனே தெரியவில்லையாம். மூக்குத்தியைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். அவர்களில் ஒருத்திக்கும் இவள் அம்மாவைத் தெரியாது. அதனால் அவர்கள்மேல் கோபப்படவும் முடியாமல், அந்தக் குரூப்பிலேயே இவளும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டிருக்கிறாள். என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுகிறாள். அம்மாவைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டாளாம்.

இனி காலேஜுக்குப் போக மாட்டேன் என்கிறாள். ஏன் என்று அண்ணி கேட்கிறாள், இவள் வாயைத் திறக்கவில்லை. புளி போனதால் கட்ட வழியில்லை, அதைச் சொல்லத் தயங்குகிறாள் என்று அண்ணி நினைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் போன் போட்டு முன்பணம் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்.

பாறையைப் போன வாரம்தான் சுத்தம் செய்தோம். மண்வெட்டியால் வழித்துப் பள்ளத்தில் தள்ளினோம். காட்டுப்பன்றிகூட மோந்துவிட்டுப் போய்விட்டது. எத்தனை குடம் ஊற்றிக் கழுவியும் நாற்றம் போகவில்லை. உன் விழிப்புணர்வில் இதையும் சேர்த்துக்கொள்.

தேவயானி


கண்ணமங்கலம்
17 ஜூன் 2025

அக்கா,

வீடியோவை அழித்துவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே அழித்தேன். சேனலையும் மூடிவிட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அழித்த மறுநாள் கடைக்கு ஒரு பையன் வந்தான், போன மாதம் என்னிடம்தான் போன் வாங்கினான். டிஸ்பிளே போய்விட்டது என்று கொடுத்தான். மாற்றிப் போட்டு, சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். அவன் வாட்ஸ்அப் திறந்திருந்தது. அதில் அண்ணி. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தான் எவனோ. வாயை மட்டும் விட்டுவைத்திருக்கிறான். கீழே 'கரன்ட் போச்சே' என்று எழுதியிருந்தது. இது யார் தெரியுமா என்று அவனைக் கேட்டேன். "யாருக்குண்ணா தெரியும், செம்ம காமெடிண்ணா" என்றான். போனைத் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். காசு வாங்கக்கூடத் தோன்றவில்லை.

தெரிந்த குரூப் எல்லாவற்றிலும் கெஞ்சிக் கேட்டுவிட்டேன். நாலு பேர் எடுத்தார்கள். மற்றவர்கள், அண்ணே இது உங்க வீடியோதானே, ஹிட்டு அண்ணே என்று வாழ்த்துகிறார்கள். அது என் கையை விட்டு எங்கேயோ போய்விட்டது. எங்கே போய் நிற்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மழையைப் பற்றி மட்டும் எனக்கு ஏதோ தெரியும்.

இன்றைக்கு மதியமே ஆரணியில் காற்று திரும்பிவிட்டது. ஈரம் நிறைய இருக்கிறது, மேற்கே காற்றே இல்லை. சாயங்காலம் உங்களுக்கு இடியோடு கொட்டும். மாடுகளை மரத்தடியில் கட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தங்கவேல் மாமாவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. உன் போன் அடைத்துக் கிடக்கிறது. அதனால் கடிதத்தில் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது அந்த மழை காய்ந்து போயிருக்கும். எனக்கே இது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது.

அண்ணியைப் பார்க்க வரலாமா? காலில் விழுகிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். செவ்வந்தி படிப்புக்குக் கடையை வைத்து ஏதாவது செய்கிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

ஆனந்தன்


நெல்லிவாசல்நாடு
2 ஜூலை 2025

ஆனந்தா,

உன் கடிதம் மழைக்குப் பின்னால் நாலாம் நாள் வந்தது. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாறையில் மூடுவதற்கு எதுவும் இல்லை.

சாமை விதைப்பு நடக்கிறது. நேற்று நானும் அண்ணியும் மேட்டு நிலத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நீ வரலாமா என்று கேட்டு எழுதியிருப்பதைச் சொன்னேன். வரட்டுமே, அவன் வூடுதானே என்றாள். அவள் அப்படிச் சாதாரணமாகச் சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் மேல் அவளுக்கும் எனக்கிருக்கிற அருவருப்பு வர வேண்டும் என்றுதான் சொன்னேன், மறைக்கவில்லை. ஸ்டிக்கரைச் சொன்னேன், செவ்வந்தி ஏன் வந்தாள் என்பதைச் சொன்னேன். அதைக் கேட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இப்போதும் யாரோ பார்க்கிறார்கள் என்பதுபோல் ரொம்ப நேரம் முந்தானையை எடுக்கவில்லை.

பிறகு அந்த முதல் நிமிடத்தைச் சொன்னேன். மழைக்கு முன்னாலேயே அவன் வந்து, உன் முதுகுக்குப் பின்னால் நின்று படம் பிடித்தான் அண்ணி என்றேன். அதிர்ந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"தெரியும். நான் பாத்தேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ வந்தபோதே பார்த்தாளாம். பைக் சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறாள். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் உனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கெயக்கால கறுத்துக்கினு வர்றதயும் பாத்தேன் தேவயானி. எயுந்து உங்கள எல்லாம் கூப்புடலாம்னுதான் பாத்தேன். அப்பறம் நெனச்சேன், மழ வர்றதா இருந்தா நம்ம ஆனந்தன் சொல்லாம நிப்பானா. இந்த ஊர்ல மழயப் பத்தி தெரிஞ்சவன் அவன் ஒருத்தன். அவனே கம்முனு நிக்கறான்னா இது வராத மேகம். அதான் திரும்ப குந்தி கொட்ட தட்டிக்கினு இருந்தேன்."

ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஊரில் உன்னை உள்ளே விட மாட்டார்கள் என்றாள். அவனுக்கும் அன்றைக்குக் கணக்குத் தவறியிருக்கும், பாவம், அந்த வெட்கத்தில்தான் பக்கத்தில் வராமல் நின்றிருப்பான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான்தான் இல்லை என்று சொன்னேன். அவனுக்குத் தெரியும் அண்ணி, தெரிந்துதான் நின்றான், அவன் கைப்பட எழுதியிருக்கிறான் என்றேன்.

அவள் மறுபடி குனிந்து கல் பொறுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே, "ஒரு வார்த்த அவன கேட்டிருக்கலாம். எம்மேலயும் தப்புதான்" என்றாள்.

தேவயானி